சத்தியம் போதாது, சிகிச்சை வேண்டும்

(சுய உதவிக் குழுப் பொறுப்பாளர்கள், ஊராட்சிச் செயலாளர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள் ஆகியோருக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு.)



கிராம வளர்ச்சி என்றால் சாலை, குடிநீர், பள்ளிக் கட்டிடம், தெருவிளக்கு என்று கணக்கிட்டுப் பேசுவது எங்களைப் போன்ற அலுவலர்களின் வழக்கம். இவற்றுக்கெல்லாம் மதிப்பீடு உண்டு. செய்த வேலையைப் பதிந்துவைக்க அளவுப் புத்தகமும் உண்டு. ஆனால் அந்த அளவுப் புத்தகத்தில் ஏறாத நஷ்டம் ஒன்று நமது கிராமங்களில் நாள்தோறும் நிகழ்ந்துவருகிறது. கூலியோடு வீடு திரும்ப வேண்டியவன் வெறுங்கையோடு திரும்புகிறான். உலை வைத்துக் காத்திருந்தவள் அடுப்பை அணைக்கிறாள். பாடம் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, தகப்பனின் காலடி ஓசையைக் கேட்டதும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மூலையில் ஒடுங்குகிறது. அந்த நஷ்டத்தின் பெயர் குடி.

குடியின் தீமையைப் பற்றி நமது நாட்டில் பேசாதவர் இல்லை. வள்ளுவர் ‘கள்ளுண்ணாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி, இராஜாஜி அவர்களின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. 1948-ஆம் ஆண்டு அது சென்னை மாகாணம் முழுவதும் பரவிற்று. 1971-ஆம் ஆண்டு தளர்த்தப்பட்டது. பின்னர் வந்த மாறுதல்களைத் தாங்கள் அறிவீர்கள். சட்டம் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று விவாதிக்க நான் இங்கு வரவில்லை. அது சட்ட மன்றத்தின் பொறுப்பு. கடை திறந்திருப்பினும் மூடியிருப்பினும், முன்னமே குடிக்கு அடிமையாகிவிட்ட ஒரு மனிதனுடைய தேகத்திலும் மனத்திலும் என்ன நடக்கிறது, அவனை மீட்க நாம் செய்யவேண்டியது யாது, செய்யக்கூடாதது யாது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

‘செய்யக்கூடாதது’ என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வாங்கிய சத்தியம்

பதினோர் ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு மாவட்டத்தில் நான் துணை வட்டார வளர்ச்சி அலுவலராக இருந்தேன். அங்கு ஒரு சிற்றூரில் மேல்நிலைத் தொட்டியின் மோட்டாரை இயக்கும் பணியாளர் ஒருவர் இருந்தார். வயது நாற்பத்திரண்டு. வேலையில் கெட்டிக்காரர். மோட்டாரின் ஓசையைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். ஆயினும் விடிந்ததும் சிறிது மது உள்ளே சென்றால்தான் அவர் கை நடுக்கமின்றிச் சுவிட்சைத் தொடும். சில நாட்களில் எழுந்திருக்கவே மாட்டார். அன்றைக்கு ஊருக்குத் தண்ணீர் இராது. ஒரு நாள் பெண்கள் காலிக் குடங்களோடு ஒன்றிய அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள்.

அவரை வேலையினின்று நீக்க எனக்கு மனம் வரவில்லை. திருத்திவிடலாம் என்று எண்ணினேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஊருக்குச் சென்றேன். மாரியம்மன் கோயில் வாசலில், ஊரார் முன்னிலையில், இனி மதுவைத் தொடுவதில்லை என்று அவர் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். அவருடைய மனைவி கண்ணீர் விட்டார். ஊரார் கைதட்டினார்கள். ஒரு குடும்பத்துக்கு விளக்கேற்றிவிட்டோம் என்ற பெருமையோடு நான் ஜீப்பில் ஏறினேன்.

மறுநாள் காலை அவருடைய கைகள் நடுங்கின; உடல் வேர்த்தது; சோறு இறங்கவில்லை. ‘பழக்கம் விடும்பொழுது அப்படித்தான் இருக்கும், பல்லைக் கடித்துக்கொள்’ என்றார்கள். அன்றிரவு வலிப்பு வந்தது. ஞாயிறு இரவு, சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று கூச்சலிட்டார். பெற்ற பிள்ளையை யார் என்று கேட்டார். காற்றுச் சேஷ்டை என்று எண்ணி, திருநீறு பூசி, ஓடிவிடாமலிருக்கக் கட்டிலோடு கட்டிவைத்தார்கள். திங்கட்கிழமை விடியற்காலையில் அனலாய்க் காய்ந்தது. மறுபடியும் வலிப்பு. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

அவர் சத்தியத்தை மீறவில்லை. அதைக் காத்ததனால் இறந்தார். “இவ்வளவு குடித்துவந்தவரை ஒரே நாளில் நிறுத்தச் சொன்னது யார்?” என்று மருத்துவர் கேட்டபொழுது நான் தலைகுனிந்து நின்றேன். அந்த அம்மையாரோ, “நல்லதுக்குத்தான் சொன்னீங்க ஐயா, இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்?” என்றார். யாருக்குத் தெரியும் என்ற அந்தக் கேள்விதான் இன்று என்னை இங்கே நிறுத்தியிருக்கிறது. பட்டம் பெற்றவன், அரசாங்க அலுவலன், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதன்பின் மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றையே இப்பொழுது தங்களுக்குக் கூறுகிறேன்.

வயிற்றில் இறங்கிய மது

மதுவில் போதை தருவது எத்தனால் என்னும் சாராயச் சத்து. சோறு செரிப்பதைப்போல் அது செரிக்கவேண்டியதில்லை. இரைப்பையிலும், பெரும்பகுதி சிறுகுடலிலும் ஊறி நேரே இரத்தத்தில் கலந்து, சில நிமிஷங்களில் மூளையை எட்டுகிறது. வெறும் வயிற்றில் குடித்தால் இன்னும் விரைவாக ஏறும்.

இதனை உடம்பிலிருந்து அகற்றும் வேலை பெரும்பாலும் ஈரலைச் சேர்ந்தது. ஈரல் அவசரப்படுவதில்லை. மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரைதான் அது மாற்ற முடியும். நம்மவர் ‘குவார்ட்டர்’ என்று சொல்லும் 180 மில்லி லிட்டர் கால் புட்டியில், நூற்றுக்கு 42.8 பங்கு சாராயச் சத்து என்னும் வழக்கமான அளவில், ஏறத்தாழ 60 கிராம் எத்தனால் இருக்கிறது. இரவு 9 மணிக்கு அதைக் குடித்தவனுடைய ஈரல், அவன் உறங்கினாலும் உறங்காமல், விடியற்காலம் வரை வேலை செய்துகொண்டிருக்கும். மோரும் எலுமிச்சைச் சாறும் தலைமுழுக்கும் அந்த வேலையை விரைவுபடுத்துவதில்லை. ‘பீர்தானே’ என்று சொல்வோரும் உளர். நூற்றுக்கு 5 பங்கு சத்துள்ள 650 மில்லி லிட்டர் பீர்ப் புட்டியில் 25 கிராமுக்கு மேல் இருக்கிறது.

எத்தனாலை ஈரல் முதலில் அசெட்டால்டிஹைடு என்னும் நஞ்சாக மாற்றுகிறது. பிறகே அது தீங்கற்ற பொருளாகிறது. நாள்தோறும் இந்த நஞ்சில் தோய்ந்த ஈரலில் முதலில் கொழுப்புப் படிகிறது. அடுத்து வீக்கமும் மஞ்சட்காமாலையும். முடிவில் நல்ல சதை தழும்பாகி ஈரல் சுருங்குகிறது. வயிற்றில் நீர் கோத்துப் பானைபோல் உப்பும். உணவுக் குழாயின் இரத்த நாளங்கள் புடைத்து வெடித்து இரத்த வாந்தி வரும். முதற்படியில் நிறுத்தினால் சில வாரங்களில் கொழுப்புக் கரைந்து ஈரல் பழைய நிலைக்குத் திரும்பும். சுருங்கிய ஈரல் முழுமையாகத் திரும்புவதில்லை. ஆனாலும் குடியை விட்டவனின் ஆயுள் நீளும். ஆகவே காலம் கடந்துவிட்டது என்று எவரும் எண்ணவேண்டியதில்லை.

கெடுவது ஈரல் மட்டுமன்று. கணையம் வீங்கிப் பொறுக்கமுடியாத வயிற்றுவலி வருகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. இருதயத் தசை தளர்கிறது. கால் நரம்புகள் கெட்டு உள்ளங்கால் எரிகிறது. எதிர்ப்புச் சக்தி குன்றுவதால் காசநோய் எளிதில் பற்றுகிறது. ஆண்மை குறைகிறது. மதுவகைகள் புற்றுநோயை உண்டாக்குவன என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1988-ஆம் ஆண்டிலேயே முடிவு கூறியது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக் குழாய், ஈரல், பெருங்குடல், மார்பகம் ஆகிய இடங்களின் புற்றுநோய்க்கு மது காரணமாகிறது. கேடில்லாத அளவு என்று மதுவுக்கு எதுவும் இல்லை என 2023-ஆம் ஆண்டு அந்நிறுவனம் அறிவித்தது. கருவுற்ற தாய் குடித்தால் கருவிலுள்ள குழந்தையின் மூளையும் பழுதுபடும்.

மூளையில் நடப்பது

உடம்புக்கு வரும் கேட்டை நாம் கண்ணால் காண்கிறோம். மூளையில் நடப்பதைக் காண்பதில்லை. அதனால்தான் குடிகாரனைக் கெட்டவன் என்று மட்டும் எண்ணிவிடுகிறோம்.

நமது மூளையில் தூண்டும் இரசாயனங்களும் அடக்கும் இரசாயனங்களும் சமநிலையில் இயங்குகின்றன. மது அடக்கும் சக்தியைக் கூட்டித் தூண்டும் சக்தியைக் குறைக்கிறது. முதலில் வெட்கமும் கவலையும் தளர்கின்றன; பிறகு பேச்சும் நடையும் தடுமாறுகின்றன; அளவு மிகுந்தால் மூச்சே நின்றுவிடலாம். அதே வேளையில் டோபமின் என்னும் பொருள் சுரந்து, ‘இது இன்பம், மறுபடியும் வேண்டும்’ என்று மூளையில் எழுதிவைக்கிறது. பசியையும் தாகத்தையும் நினைவூட்டும் அதே ஏட்டில்தான் இதுவும் எழுதப்படுகிறது. கூலி வாங்கும் நேரம், பழகிய தோழன், கடையின் வெளிச்சம், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த ஏடு தானே திறந்துகொள்ளும்.

நாள்தோறும் மது வந்து அடக்குவதனால், மூளை தன் தூண்டும் சக்தியைப் பெருக்கிக்கொண்டு ஈடு கொடுக்கிறது. முன்பு கால் புட்டியில் மயங்கியவன் இப்பொழுது அரைப் புட்டி குடித்தும் நேராக நடக்கிறான். ‘எவ்வளவு குடித்தாலும் தள்ளாடமாட்டான்’ என்று ஊரில் இதைப் பெருமையாகப் பேசுகிறார்கள். தாய்மார்களே, இது பெருமையன்று. நோயின் முதல் அறிகுறி.

பாரம் ஏற்றிய வண்டியை மேட்டில் இழுக்கும் மாடுகளை எண்ணிப் பாருங்கள். பாரத்துக்கு ஈடாக அவை முழு வலுவோடு முன்னே சாய்ந்து இழுக்கின்றன. அந்நேரம் கயிறு அறுந்து பாரம் விடுபட்டால் என்ன ஆகும்? மாடுகள் முன்னே பாய்ந்து முழங்கால் மடிந்து விழும். பல ஆண்டு குடித்தவன் திடீரென்று மதுவை நிறுத்தினால் மூளையில் நிகழ்வதும் இதுவே. அடக்கிவந்த பாரம் போய்விட்டது. தூண்டும் சக்தி கட்டுக்கடங்காமல் பாய்கிறது. சில மணி நேரத்திலேயே நடுக்கம், வேர்வை, குமட்டல், தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரைக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சியும் பாம்பும் கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் ஏறும், இருதயம் படபடக்கும். எல்லாருக்கும் இவ்வளவு கடுமையாக வருவதில்லை. வந்தவர்க்குச் சிகிச்சை இல்லையேல் உயிருக்கு ஆபத்து. தக்க சிகிச்சை கிடைத்தால் மரணம் அரிது. தொட்டி இயக்கிய அந்த மனிதர் இறந்த மூன்று நாட்களும் இந்தக் கணக்கிலே அடங்கியிருந்தன.

இன்னும் ஒன்று. இடைவிடாது குடிப்போர் சரியாக உண்பதில்லை. உண்டதிலிருந்தும் தயாமின் என்னும் வைட்டமின் உடம்பில் நன்கு சேர்வதில்லை. அதனால் புத்திக் குழப்பம், கண் அசைவில் கோளாறு, நடைத் தள்ளாட்டம் உண்டாகின்றன. 1881-இல் ஜெர்மானிய மருத்துவர் வெர்னிக்கே இதனை விவரித்தார். உடனே தயாமின் ஊசி போடாவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகவே போய்விடக்கூடும். குடிப்போருக்குக் குளுக்கோஸ் மட்டும் ஏற்றி வீட்டுக்கு அனுப்புவது ஏன் போதாது என்பது இதனால் விளங்கும்.

மனமும் குடும்பமும்

குடித்தவன் இரவில் செய்ததைக் காலையில் ‘நினைவில்லை’ என்கிறான். அது எப்பொழுதும் பொய்யன்று. அளவு மிகும்பொழுது நினைவைப் பதிக்கும் மூளைப் பகுதி வேலை செய்வதில்லை. கவலையை மறக்கக் குடிக்கிறேன் என்கிறான்; உண்மையில் நாளடைவில் மதுவே மனச்சோர்வைப் பெருக்குகிறது. தூக்கம் வரக் குடிக்கிறேன் என்கிறான். முன்னிரவில் கண் அயர்ந்தாலும் பின்னிரவில் தூக்கம் கலைந்துவிடுகிறது. சிலருக்கு மனைவிமீது ஆதாரமற்ற சந்தேகம் வேரூன்றுகிறது. அந்தச் சந்தேகம் அடியில் தொடங்கிக் கொலையில் முடிந்ததும் உண்டு. தற்கொலை எண்ணமும் குடியோடு சேர்ந்தே வளர்கிறது.

நோய் என்று சொன்னவுடன், ‘அப்படியானால் அவன் அடிப்பதையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?’ என்று ஒரு சகோதரி கேட்கக்கூடும். இல்லை. நோய் என்பது சிகிச்சைக்குக் காரணம். அடிப்பதற்கு உரிமைச் சீட்டன்று. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. 181 என்ற எண்ணில் பெண்களுக்கு உதவி கிடைக்கும். கணவனுக்கு மருத்துவம், மனைவிக்குப் பாதுகாப்பு, இரண்டும் ஒரே வேளையில் நடக்கவேண்டும்.

யார் நோயாளி?

குடிக்கும் எல்லாரும் அடிமைகளல்லர். மத்திய அரசாங்கத்துக்காக அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்தி 2019-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியரில் நூற்றுக்கு 14.6 பேர், அதாவது சுமார் 16 கோடிப் பேர், மது அருந்துவோர். அவர்களுள் அடிமை நிலைக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 2.9 கோடி. அந்த அடிமைகளில் ஏதேனும் ஒரு சிகிச்சையோ உதவியோ பெற்றவர்கள் 38 பேருக்கு ஒருவர்தான். மற்ற 37 பேரும் என்ன பெற்றார்கள்? வசையும் அடியும் சத்தியமும்தான் பெற்றிருப்பார்கள்.

ஒருவன் அந்நிலைக்கு வருவதில் பாதியளவு பரம்பரைக்கும் பங்குண்டு என்று இரட்டையரை வைத்துச் செய்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. மீதி, தொடங்கும் வயது, சூழ்நிலை, மனத்துயர் ஆகியவற்றால் அமைவது. இளவயதில் தொடங்குவோர்க்கு ஆபத்து அதிகம்.

அடையாளம் காண எளிய வழி ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவர் யூயிங் 1984-இல் வெளியிட்ட நான்கு கேள்விகள் அவை. குடியைக் குறைக்கவேண்டும் என்று எப்பொழுதேனும் எண்ணினீரா? உமது குடியைப் பிறர் குறை கூறும்பொழுது எரிச்சல் வந்ததுண்டா? குடித்ததற்காகக் குற்ற உணர்ச்சி கொண்டதுண்டா? நடுக்கம் தீரவோ தெளிவு பெறவோ விடிந்ததும் குடித்ததுண்டா? இரண்டு கேள்விகளுக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவரைக் காணவேண்டும். நான்காவதற்கு ‘ஆம்’ என்று சொல்பவரை மருத்துவ உதவியின்றித் திடீரென்று நிறுத்தச் சொல்லக்கூடாது. இதைக் குற்ற விசாரணைபோல் நாலு பேர் நடுவில் கேட்கவேண்டாம். செவிலியர் அம்மையார் இரத்த அழுத்தம் பார்க்கும்பொழுது தனியே கேட்டால் அவரே சொல்லிவிடுவார்.

சிகிச்சை என்பது என்ன?

முதற்கட்டம், ஏறத்தாழ ஒரு வார காலம், உடம்பிலிருந்து மதுவைப் பாதுகாப்பாக நீக்குவது. மூளையின் பாய்ச்சலை அடக்கும் மாத்திரையை மருத்துவர் முதலில் போதிய அளவு கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துவார். அறுந்த கயிற்றுக்குப் பதிலாக, பாரத்தை மெல்ல மெல்ல இறக்குவதைப் போன்றது அது. கூடவே தயாமினும் தருவார். முன்பு வலிப்பு வந்தவர், புத்தி தடுமாறியவர், ஈரல் நோயுள்ளவர், முதியவர், துணையற்றவர் ஆகியோர் மருத்துவமனையில் தங்கியே இதனைச் செய்துகொள்ளல் வேண்டும்.

இரண்டாம் கட்டம் நெடியது. குடிக்கும் வேட்கையைத் தணிக்கும் மருந்துகள் இப்பொழுது உள்ளன. மதுவைத் தொட்டால் குமட்டலும் படபடப்பும் உண்டாக்கும் டைசல்ஃபிராம் என்ற மருந்தும் உண்டு. அதன் பயனை டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1948-இல் வெளியிட்டார்கள். அதனை நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளவேண்டும். ‘கணவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுங்கள்’ என்று விற்கப்படும் பொடியைத் தாய்மார்கள் தயவுசெய்து வாங்காதீர்கள். அதில் இந்த மருந்து கலந்திருந்து, அவர் அறியாமல் மது குடித்தால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

மருந்தோடு மனத்துக்கு ஆலோசனையும், குடியை விட்டவர்களின் தோழமையும் வேண்டும். 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியால் சீரழிந்த ஒரு பங்கு வணிகரும் ஒரு மருத்துவரும் ஒருவருக்கொருவர் துணையாகக் குடியை விட்டார்கள். அதிலிருந்து பிறந்த ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டங்கள் இன்று நமது நாட்டிலும் கட்டணமின்றி நடைபெறுகின்றன.

இவையெல்லாம் நகரத்துக்கே உரியவை என்று எண்ணவேண்டாம். திருமதி சாந்தி ரங்கநாதன் அவர்கள், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த பின், 1980-இல் சென்னையில் ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். அந்நிலையத்தார் காவிரிப் பாசனப் பகுதியிலுள்ள மஞ்சக்குடிக் கிராமத்துக்கே சென்று முகாம் அமைத்தார்கள். நோயாளிகளைத் தம் ஊர்ப்புறத்திலேயே தங்கவைத்து, குடும்பத்தாரையும் அழைத்துவைத்து மருத்துவம் செய்தார்கள். அந்த அனுபவத்தை அவர் 1994-இல் ஓர் ஆங்கில மருத்துவ இதழில் எழுதி உலகறியச் செய்தார். ஊரே சிகிச்சையில் பங்கு கொண்டால், மீண்டவனைக் காக்கவும் ஊரே நிற்கும் என்பது அதனால் நாம் பெறும் பாடம்.

மறுபடியும் விழுந்தால்?

விழலாம். நீரிழிவு உள்ளவர் ஒரு திருமண விருந்தில் இனிப்பை உண்டு சர்க்கரை ஏறி வந்தால், மருத்துவர் அவரைத் துரத்துவதில்லை. இதுவும் அத்தகைய நோய்தான். எங்கள் ஒன்றியத்தில் பள்ளிக் கட்டிடங்களைக் கட்டிய கொத்தனார் ஒருவர் இரண்டு முறை சிகிச்சை பெற்று இரண்டு முறையும் விழுந்தார். தளம் போட்ட நாளில் வழக்கம்போல் ஒப்பந்தக்காரர் எல்லோருக்கும் புட்டி வாங்கிக்கொடுத்தாராம். அங்கேதான் இரண்டாம் முறை விழுந்தார். மூன்றாம் முறை அவருடைய மனைவியும் தம்பியும் கூடவே மருத்துவமனையில் தங்கினார்கள். இப்பொழுது நான்காண்டுகள் ஆகின்றன. கூலி மனைவியின் வங்கிக் கணக்குக்குச் செல்கிறது. தளம் போடும் நாளில் அவர் கையில் ஒரு செம்பு மோர் இருக்கும்.

கூலியோடு மதுவும் கொடுக்கும் வழக்கத்தை நாமே நிறுத்தவேண்டும் என்பதை அவரிடமிருந்துதான் நான் கற்றேன். குழி வெட்டுபவருக்கும் சாக்கடை அள்ளுபவருக்கும் புட்டி கொடுத்து வேலை வாங்கிவிட்டுப் பின்பு அவர்களையே குடிகாரர் என்று பழிப்பது எவ்வகையில் நியாயம்?

நாம் செய்யவேண்டியவை

முடிவாகச் சில வேண்டுகோள்கள்.

முதலாவது: குடியை நிறுத்த ஒருவர் முன்வந்தால், சத்தியம் வாங்கும் முன்பு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கி, மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு வரை வழி உண்டு. போதை மீட்புக்கு 14446 என்ற எண்ணிலும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

இரண்டாவது: எக்காரணத்தாலேனும் குடி திடீரென்று நின்றுபோனவரை முதல் நான்கு நாட்கள் கவனியுங்கள். கடும் நடுக்கம், வலிப்பு, காய்ச்சல், புத்தித் தடுமாற்றம் இவற்றில் எது கண்டாலும் 108-ஐ அழையுங்கள். பேய் என்று எண்ணிக் காலம் போக்காதீர்கள். காய்ச்சலுக்குப் படுத்தவரும், காவல் நிலையத்தில் இருப்பவரும், கையில் காசில்லாதவரும் கூட இவ்வாறு திடீரென நிறுத்தியவர்களே.

மூன்றாவது: சங்கிலியும் அடியும் சிகிச்சையல்ல. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, எவரையும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. மறுவாழ்வு இல்லம் எதுவாயினும், அரசின் மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று கேட்டறிந்த பின்பே சேர்க்கவேண்டும்.

நான்காவது: மீண்டு வந்தவரைப் பழைய பெயரால் அழைக்காதீர்கள். வேலை கொடுங்கள். மாலைப் பொழுதில் அவருக்கு ஒரு துணையும் போக ஓரிடமும் இருக்கட்டும்.

ஐந்தாவது: கிராம சபை கூடும்பொழுது இந்தப் பொருளையும் ஒரு முறை பேசுங்கள். ஊரில் எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்ற கணக்கை எல்லோரும் அறிவார்கள். எத்தனை பேர் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்கள் என்ற கணக்கும் இனி வேண்டும்.

நண்பர்களே! அந்தச் சிற்றூரின் மேல்நிலைத் தொட்டி இன்றும் நிற்கிறது. இறந்தவரின் மூத்த மகன் இப்பொழுது மோட்டாரை இயக்குகிறார் என்று கேள்விப்படுகிறேன். தகப்பனைப்போலவே ஓசையைக் கேட்டே கோளாற்றைச் சொல்வாராம். அவருடைய தகப்பனுக்கு அன்று வேண்டியிருந்தது ஒரு வார மருத்துவமும் ஒரு சிறிது அறிவும். அந்த அறிவு அவ்வூரில் எவரிடமும் இருக்கவில்லை, என்னிடமும் இருக்கவில்லை. இன்று இம்மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் அது இருக்கிறது. நமது ஒன்றியத்தில் இனி ஒருவரும் தெரியாமையால் இறக்கலாகாது.